சத்தம் வருவதற்கு முன்

2007 ஜூன் 11, திங்கள்

சூலக்கரையில் குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீசில் வழக்கமான கூட்டம், வழக்கமான மனுக்கள். குடிநீர், பட்டா, முதியோர் உதவித்தொகை. பெரிய செய்தி எதுவும் தேறவில்லை. பேப்பருக்கு எழுதி அனுப்பிவிட்டு மதியம் சிவகாசிக்கு பஸ் ஏறினேன்.

ஜாஸ்பின் வரச் சொல்லியிருந்தாள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு வருடமாக ஓர் ஆப்செட் அச்சகத்தின் மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறாள் என் மகள். புரோகிராம் அவள் வேலை. காலண்டருக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த முனியராஜ் இதற்குப் படம் போடுகிறான். கேமுக்கு ‘கடைசி அரண்’ என்று பெயர். ஒரு சிப்பாய் எதிரியின் பாசறைக்குள் தனியாகப் புகுந்து சுட்டுக்கொண்டே மறுபக்கம் வெளியேற வேண்டும். முடிந்துவிட்டது, முதலில் நீங்கள்தான் ஆட வேண்டும் என்றாள்.

இந்த விஷயத்தில் நான் புதியவன் அல்ல. பிரவுசிங் சென்டர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் போனவன், பையன்கள் சுடுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்து, பிறகு நானே சுடப் பழகிவிட்டேன். கட்டுரை வந்த பிறகும் போவதை நிறுத்தவில்லை. “அம்பத்தஞ்சு வயசுல துப்பாக்கி கேக்குதோ” என்று ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் என் மனைவி ஞானசுந்தரி சொல்லாத வாரம் இல்லை.

ஆடி முடித்தேன். கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். படம் எங்கும் நடுங்கவில்லை. சுவரில் ஈரம், துப்பாக்கி உலோகத்தில் வெளிச்சம், ஓடும்போது மூச்சு எல்லாம் சுத்தம். ஒரு பிசிறு இல்லை. நீண்ட நடைவழி, பூட்டிய கதவு, சாவிக்காக ஒரு சுற்று, கடைசியில் ஹெலிகாப்டர். நடையில் சிவப்பு டிரம். சுட்டால் வெடிக்கும்.

“நம்ம ஊர்ப் பிள்ளைக செஞ்ச கேம்ல, ஆள் நடக்குற இடத்துல வெடிமருந்தை வச்சிருக்கீகளே. இன்ஸ்பெக்டர் பாத்தா லைசென்ஸ் போயிரும்” என்றேன்.

“இன்ஸ்பெக்டர் வாற அன்னைக்கு மட்டும் டிரம்மை உள்ள தூக்கி வச்சிருவோம் சார்” என்றான் முனியராஜ்.

ஜாஸ்பின் சிரிக்கவில்லை. “எப்படிப்பா இருக்கு?”

“வெளிநாட்டுக் கேம்னு சொன்னா நம்பிருவாக.”

“ஆனா?”

“ஆனான்னு நான் சொல்லலியே.”

“முகம் சொல்லுதே.”

சொன்னேன். இழைத்து இழைத்துச் செய்திருக்கிறாய், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எல்லாம் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கிறது என்றேன். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று கதவைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அவள் மானிட்டரை அணைத்தாள்.

ஜூன் 12

அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா? கேட்டாள், சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் அதுவும் முகத்தில் தெரிந்திருக்கும்.

ஜூன் 17, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து மூவரும் வீட்டில் சாப்பிட்டோம். ஜாஸ்பின் பேசிக்கொண்டுதான் இருந்தாள், அம்மாவிடம்.

நிலைமை இதுதான். பெங்களூரில் ஒரு கம்பெனி, கேம்களை வாங்கி சி.டி. போட்டு நாடு முழுக்க விற்கிறது. ஆகஸ்டில் இவர்களுடையதைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறது. எடுத்துக்கொண்டால் மாடியறை நடக்கும், அடுத்த கேமும் செய்யலாம். இல்லையென்றால் அறையைக் காலிசெய்துவிட்டு இவள் மறுபடி பெங்களூருக்கு யாரிடமாவது வேலைக்குப் போக வேண்டும். முனியராஜுக்குக் காலண்டர்.

சாப்பிட்டு எழும்போது திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள். “விருதுநகர்ல எம்புட்டுக் கடையில எண்ணெய் பரோட்டா போடுறான். அதே மாவு, அதே எண்ணெய். நீங்க ஏன் அந்த ஒரு கடைக்கே போறீக? பாத்ததுதான? தின்னதுதான?”

நியாயமான கேள்வி. பழக்கமானது என்பது குற்றமில்லை. அந்தக் கடைப் பரோட்டாவில் புதிதாக ஒன்றுமில்லை, ஆனால் வேறு கடையில் தின்னும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் அவளிடமும் சொன்னேன். உன் கேமில் அது இல்லை, அது என்ன என்று எனக்குத் தெரியாது.

“தெரியாததை வச்சு மார்க் போடுவீகளோ?”

“இல்லம்மா, நான்—”

“நீங்க எழுதுறது மட்டும் என்ன வாழுதாம்? பட்டாசு ஆலையில் திடீர் வெடிவிபத்து. உடல் கருகிப் பரிதாபச் சாவு. வருவாய்த்துறையினர் விசாரணை. பேரை மாத்திட்டா போன வருசத்துச் செய்தி. ஒரு பிசிறு இருக்காதுல்ல அதுலயும்?”

ஞானசுந்தரி “போதும் நிறுத்து” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

என் செய்திகளைப் பத்திரிகை டெஸ்கில் திருத்த வேண்டியிருப்பதே இல்லை என்று போன மாதம்கூட ஒருவர் பாராட்டினார். அதை நான் இவளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 5

ஞானசுந்தரி கொடுத்தனுப்பிய குழம்பை எடுத்துக்கொண்டு சிவகாசி போனேன். கரண்ட் இல்லை. ஜாஸ்பின் அறைக்கு வெளியே மொட்டை மாடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். இருவரும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படித்தான்.

வெம்பக்கோட்டைப் பக்கம், தொலைவில், தரையிலிருந்து ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. கீழே ஒடுங்கி, மேலே விரிந்து. சத்தம் இல்லை. ஜாஸ்பினும் பார்த்துவிட்டாள். கீழே தெருவில் ஒருவன் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அச்சகத்துப் பெண்கள் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். கர்த்தருடைய ஜெபத்தின் முதல் வரியைச் சொல்லி முடிக்கலாம், அவ்வளவு நேரம். நான் சொல்லவில்லை. அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

பிறகு சத்தம் வந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி அதிர்ந்தது.

தெரு முழுக்க ஆட்கள் வெளியே வந்தார்கள். இந்த ஊரில் யாரும் ‘என்ன சத்தம்’ என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். “எந்தப் பக்கம்?” வீட்டு ஆட்கள் எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் அந்தப் பதிலுக்கு அர்த்தம். மேலே எங்களைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கத்தினாள், “ஏம்மா, எந்தப் பக்கம்?” ஜாஸ்பின் கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வேலைக்குக் கிளம்பினேன். பட்டாசு ஆலையில் இரண்டு பெண்கள் இறந்துவிட்டார்கள். அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜூலை 6

செய்தியின் முதல் பத்தியில் அந்தப் புகையை எழுதியிருந்தேன். புகை தெரிந்ததும், சத்தம் வந்ததும், இடையில் ஒருவன் காற்றடித்துக்கொண்டிருந்ததும். நேற்று இரவே டெஸ்கிலிருந்து போன் வந்தது. “என்ன அண்ணாச்சி, கதை எழுதுறீக? எத்தனை பேர் அவுட்டு, அதைச் சொல்லுங்க மொதல்ல.”

காலையில் பேப்பரைப் பார்த்தேன். பட்டாசு ஆலையில் திடீர் வெடிவிபத்து.

ஜூலை 29, ஞாயிறு

ஜாஸ்பின் போன் செய்து வரச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. முனியராஜும் இருந்தான். இருவரும் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருக்கும் போல.

ஆடினேன். அதே நடை, அதே ஈரச் சுவர், அதே டிரம். எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று பாதி ஆட்டத்திலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பாசறையை விட்டு வெளியே வந்து ஒரு மேட்டில் ஏற வேண்டும். எதிரே பரந்த பொட்டல். ஆறேழு சிப்பாய்கள் என்னைச் சுட்டுக்கொண்டே ஏறி வருகிறார்கள். பொட்டலின் ஓரத்தில், வெகு தூரத்தில், ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. சத்தம் இல்லை.

ஏறி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சுடுவதும் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும். எனக்கு நேர் முன்னால் ஒருவனுடைய முதுகு. சுடலாம். என் விரல் பட்டனில்தான் இருந்தது. அவன் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அவனுடைய ஆட்கள் யாரோ இருக்கிறார்கள்.

பிறகு சத்தம் வந்தது. அந்தச் சிப்பாய் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான், “எந்தப் பக்கம்?”

முனியராஜின் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சட்டென்று எல்லாரும் திரும்பி என்னைச் சுட ஆரம்பித்தார்கள். செத்துப்போனேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தேன்.

“எல்லாரும் அங்கதான் சாவுறாக சார்” என்றான் முனியராஜ். “கீழ பிரஸ்ஸுல நாலு பேரை ஆட விட்டோம். ஒருத்தனும் அந்த முதுகுல சுடல.”

ஜாஸ்பின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுதான்மா” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. முப்பது வருடமாக வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அதே பழைய கேம். ஒரு சுவர்கூட மாறவில்லை. ஆனால் இனி வேறு எந்தக் கேமில் ஏதாவது வெடித்தாலும், சத்தம் உடனே வந்துவிட்டதே என்று எனக்குத் தோன்றும். பரோட்டாக் கடையில் எனக்குச் சொல்லத் தெரியாதது இதுதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 5

ஞானசுந்தரிக்கு இன்று ஓய்வு. ஜாஸ்பின் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நானும் போனேன், போயிருக்கக்கூடாது.

அவள் ஆடத் தெரியாதவள். ஜாஸ்பின் ஆட, பின்னால் நின்று பார்த்தாள். புகை எழுந்தபோது நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். சத்தம் வந்தது. “எந்தப் பக்கம்?” என்ற குரலும் வந்தது.

“இதை எடுத்துரு” என்றாள்.

“அம்மா—”

“ஒரு மாசமா எங்க வார்டுல மூக்கம்மாள்னு ஒருத்தி கெடக்கா. அன்னைக்கு வெடிச்சதுல தப்பிச்சவ. தெனமும் கட்டை அவுக்கையில என் கையைப் புடிச்சுக்கிட்டு அலறுறா. நான் அங்கன கட்டுப் போட்டுட்டு வாறேன், நீங்க இங்கன அதை வச்சு வெளையாடுறீகளா? துப்பாக்கி வச்சுச் சுடு, ஹெலிகாப்டர்ல போ, என்னமும் செய். இதை எடுத்துரு பிள்ள.”

தீக்காய வார்டு நர்சிடம் யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஜாஸ்பின் ஆட்டத்தை மூடினாள். ஆனால் அதை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஞானசுந்தரி என் பக்கம் திரும்பவே இல்லை. நானாவது தடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். தடுக்க எனக்கு மனமில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது?

ஆகஸ்ட் 20

கேமை அப்படியே பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 2

மூக்கம்மாள் நேற்று இறந்துவிட்டாள். செய்திக்குக் கடைசிப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 12

நான் மாடியறையில் இருந்தபோதே கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஜெயச்சந்திரன் என்று ஒருவர், தமிழர்தான். ஜாஸ்பின் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், சூப்பர். ஃபாரின் கேம் மாதிரியே இருக்கு. எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு ஃபால்ட். நடுவுல ஒரு இடத்துல வெடிக்குது பாருங்க, சத்தம் லேட்டா வருது. அப்புறம் எனிமி எல்லாரும் அப்படியே நின்னுடறானுங்க. ஹேங் ஆகுதுன்னு டெஸ்டிங்ல எழுதியிருக்காங்க.”

“ஹேங் இல்ல சார். அது தூரத்துல வெடிக்குது. தூரத்துல வெடிச்சா புகைதான் முதல்ல தெரியும். எங்க ஊர்ல—”

“உங்க ஊர்ல சத்தமே லேட்டாதான் வருமா மேடம்?” அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். “தீபாவளி ரிலீஸ் மேடம். சரி பண்ணி இந்த வாரமே அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த டீமோடதைப் போட்டுடுவாங்க.”

போனை வைத்த பிறகு முனியராஜ் சொன்னான், “அந்த இடத்துல ‘இது பிழை அல்ல’ன்னு ஒரு வரி எழுதிக் காட்டிருவமா?”

“எழுதிக் காட்டினா அப்புறம் அதை எவன் பாப்பான்? எழுத்தைத்தான் பாப்பான்” என்றாள் ஜாஸ்பின்.

 கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி சீசன், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் லோடு லோடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

“நீங்க சொல்லுங்கப்பா.”

“எடுத்துட்டா, அன்னைக்கு நான் மொதல்ல பாத்த கேம்தான் மிச்சம் இருக்கும்.”

“எடுக்கலைன்னா அதுவும் இருக்காது.”

செப்டம்பர் 15

எடுத்துவிட்டாள். அரை நாள் வேலை கூட இல்லையாம். புகையும் சத்தமும் ஒன்றாக வரும்படி செய்து, சிப்பாய்கள் திரும்புவதை நீக்கி, முனியராஜின் குரலையும் நீக்கிவிட்டாள். “குரல் போனதுதான் சார் எனக்கு வருத்தம், ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன்” என்றான் அவன். சிரிக்கப் பார்த்தான்.

ஞானசுந்தரியிடம் சொன்னேன். “நல்லதுதான்” என்றாள்.

செப்டம்பர் 16

நல்லதுதானா?

நவம்பர் 9

தீபாவளிக்கு சி.டி. வந்துவிட்டது. எங்கள் பேப்பரின் இளைஞர் பக்கத்தில் இன்று அரைப் பக்கம். என் மகள் என்பதால் நான் எழுதவில்லை, மதுரையிலிருந்து ஒருவர் வந்து எழுதினார். ஜாஸ்பினும் முனியராஜும் கம்ப்யூட்டர் முன்னால் நிற்கும் படம். தலைப்பு: ‘வெளிநாட்டு கேம்களுக்கு இணையாக சிவகாசி இளைஞர்கள் அசத்தல்!’

கோயிலில் எல்லாரும் கை குலுக்குவார்கள். ஞானசுந்தரி பேப்பரை எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜாஸ்பின் படித்துவிட்டு, “இணையாக” என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு, “நீங்களும் இதைத்தானப்பா சொன்னீக, மொதல் நாள்” என்றாள். குத்திக் காட்டவில்லை. ஒரு தகவலைச் சரிபார்ப்பது போலக் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

டிசம்பர் 14

பஜாரில் நான் வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டரில் ‘கடைசி அரண்’ இல்லை. தீபாவளிக்குப் போட்டிருந்தாரே என்று சங்கிலிமுத்துவிடம் கேட்டேன், கடை அவருடையது.

“எடுத்துட்டேன் சார். உங்க மக செஞ்சதுன்னு எனக்குத் தெரியும், சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. கேம்ல ஒரு குத்தம் கெடையாது. பயலுக ஒரு தடவை ஆடுறான், இது அதே மாதிரில்ல இருக்குங்கான், பழசுக்கே போயிருறான். சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு. தப்பா நினைச்சுக்கிடாதீக.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னதைவிடச் சரியாக நான் எழுதியிருக்க முடியாது.

வீட்டில் சொல்லவில்லை.

2008 ஜனவரி 6

கம்பெனி அடுத்த கேம் வேண்டாம் என்றுவிட்டது. விற்பனை சுமார் என்று ஒரே வரியில் மெயில். ஆனால் ஜாஸ்பினின் வேலை சுத்தமாக இருக்கிறதாம், வந்து சேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். பிழை பார்க்கும் டெஸ்டிங் பிரிவில்.

ஜனவரி 20

மாடியறையைக் காலிசெய்தோம். முனியராஜ் கீழே அச்சகத்திலேயே சேர்ந்துவிட்டான். அடுத்த வருடக் காலண்டருக்கு முருகன் போட்டுக்கொண்டிருக்கிறான். மயிலின் கண் நன்றாக வந்திருந்தது. சொன்னேன். “மயிலுக்கு எல்லாருமே நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக சார்” என்றான்.

பிப்ரவரி 9

நேற்று முன்தினம் சாத்தூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் வெடிவிபத்து. ஐந்து பேர். எழுதி அனுப்பினேன். போன் எதுவும் வரவில்லை, திருத்த ஒன்றுமில்லை.

நாளைக் காலை ஜாஸ்பினுக்குப் பெங்களூர் பஸ். சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரி டூட்டி முடிந்து வந்தவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் வாசல் நாற்காலியில் இருந்தேன்.

வார்டில் சோலையம்மாள் என்று ஒரு பெண்ணாம். காயம் அவளுக்கு இல்லை, அவள் புருஷனுக்கு. வெடித்தபோது அவள் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு நாளாக ஞானசுந்தரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்தி வைத்து ஒன்றையே சொல்கிறாளாம்.

“பொகையைப் பாத்தாளாம். சத்தம் இன்னும் வரலியாம். வாறதுக்குள்ள அவன் பேரைச் சொல்லிட்டாளாம். பேரைச் சொன்னதுனாலதான் அவனுக்கு ஆச்சுன்னு அழுவுறா. அப்படி இல்ல ஆத்தான்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல.”

ஜாஸ்பின் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“அந்தப் பழசு இருக்கா பிள்ள? நீ எனக்குக் காட்டினது. பொகை மட்டும் வருமே.” ஞானசுந்தரி கட்டிலில் தள்ளி உட்கார்ந்தாள். “ஒரு தடவை காட்டு. அன்னைக்கு நான் சரியாப் பாக்கல.”

“அழிச்சிட்டேம்மா. ரெண்டையும் வச்சிருந்தா எது சரின்னு குழப்பம் வந்துரும்.”

ஞானசுந்தரி தலையை ஆட்டினாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

“அப்ப வாயால சொல்லு.”

ஜாஸ்பின் சொல்ல ஆரம்பித்தாள். மேட்டையும் பொட்டலையும் ஏறி வருகிறவர்களையும் சொல்லிக்கொண்டு போனாள். புகை எழுவது வரை சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. ஞானசுந்தரியும் கேட்கவில்லை.